பேரை யார் எழுதுவது? 1911 சென்சஸும் அயோத்திதாசரும்

சென்சஸ் எடுக்க ஆள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கேட்டதுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர் என்ன எழுதினார்னு எட்டிப் பார்க்கிறவங்க ரொம்பக் குறைவு. ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாலயே, அந்தத் தாளில் தங்கள் பேரைத் தாங்களே சொல்லிப் பதியவேண்டும் என்று தன் மக்களிடம் விடாமல் பேசியவர் ஒருவர் உண்டு. அயோத்திதாச பண்டிதர் (1845-1914).

பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் ஒரே காலத்தில் எடுத்த முதல் கணக்கு 1881-ல் நடந்தது. அப்போதே அவர் ஒடுக்கப்பட்ட மக்களைப் 'பூர்வத் தமிழர்' என்று பதியும்படி கேட்டார். 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். 1898-ல் இலங்கை போய் பௌத்தம் தழுவி வந்து, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வந்தது; அடுத்த வருஷம் அதுவே 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயல் தொழிலாளர் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

1911 கணக்கெடுப்பு நெருங்கியபோது விஷயம் சூடானது. 1909 மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி கொடுத்திருந்தது. எத்தனை பேர் என்பது அரசியல் பலமாக மாறிய நேரம். 1910-ல் சென்சஸ் கமிஷனர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை விட்டார். கோயிலுக்குள் விடப்படாத, பிராமணப் புரோகிதர் வராத சாதிகளைத் தனியாகக் குறிக்க வழி உண்டா என்பதுதான் அதன் சாரம். உடனே எதிர்ப்பு கிளம்பியது. கோயில் வாசலில் நிறுத்தி வைத்த மக்களைக் கணக்கில் மட்டும் விட்டுவிட மனசில்லை, பாருங்க!

'தமிழன்' சொன்னது நேரானது. பௌத்தரானவர்கள் மதத்தைக் கேட்டால் பௌத்தம் என்று சொல்லுங்கள். மற்றவர்கள் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பதியுங்கள். அடுத்தவன் இழிவாக வைத்த பேரை நீங்களே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இது ஏன் கஷ்டமான காரியம்னு புரிய, அன்றைய கணக்கெடுப்பு எப்படி நடந்தது என்று தெரியணும். 1911 மார்ச் 10 ராத்திரிதான் கணக்கு நாள். ஆனால் வீடு வீடாகப் போய்ப் படிவத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். அன்று இரவு பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் பார்த்துத் திருத்துவது மட்டும்தான். கிராமத்தில் எழுதுகிறவர் பெரும்பாலும் ஊர்க் கணக்கர், இல்லாவிட்டால் பள்ளி வாத்தியார். சேரிக்குள் வராமலே ஆளைத் தெரியும், சாதியும் தெரியும் என்று எழுதிவிட அவரால் முடியும். பதில் சொல்கிறவருக்கோ பெரும்பாலும் எழுத்து தெரியாது. வேறு பேர் எழுதியிருந்தாலும் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்தாலும் ஊர்க் கணக்கரிடம் எதிர்த்துக் கேட்டுவிட்டு அதே ஊரில் குடியிருக்கணுமே!

எண்ணிக்கையில் பார்த்தால் அந்த வேண்டுகோள் ஜெயிக்கவில்லை. சென்னை மாகாணக் கணக்கில் பறையர் என்ற தலைப்பின் கீழ் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் அப்படியேதான் இருந்தார்கள். 1914-ல் பண்டிதர் காலமானார்.

ஆனால் கேள்வி சாகவில்லை. 1922-ல் எம்.சி.ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அரசு ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' என்ற பேர் ஏறியது. 1931 சென்சஸில் லட்சக்கணக்கானோர் அந்தப் பேரில் பதிவானார்கள். அது பண்டிதர் கேட்ட பேர் இல்லை. ஆனால் நம் பேரை நாம்தான் சொல்லணும் என்ற அவருடைய வாதம் அதில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சென்சஸ்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தவிர மற்றவர்களிடம் சாதி கேட்கப்படவில்லை. 2027-ல் எல்லோரிடமும் கேட்பதென்று மத்திய அரசு 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. இன்று நமக்கு எழுத்து தெரியும். ஆகவே ஆள் வரும்போது கதவைத் திறங்க, உட்காரச் சொல்லுங்க, கேட்டதுக்குத் தெளிவாகப் பதில் சொல்லுங்க. போகும் முன்னால் ஒரே ஒரு கேள்வி: "என்ன எழுதியிருக்கீங்க, கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

1911-ல் சேரியில் இருந்தவரால் அதைக் கேட்க முடியவில்லை. நம்மால் முடியும்.