‘தலித்’ என்று தேடினால் அயோத்திதாசர் கிடைக்க மாட்டார்

போன மாதம் முதுகலை படிக்கும் ஒரு தங்கை போன் செய்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். “அக்கா, மின்நூலகத்துல ‘தலித்’னு போட்டுத் தேடினேன். நூறு வருசத்துக்கு முந்தி ஒண்ணுமே வரல. அப்ப நம்மாளுங்க எதுவும் எழுதலையா?” என்றாள். ஆதாரம் கிடைக்காத தலைப்பை விட்டுவிடு என்று நெறியாளரும் சொல்லிவிட்டாராம்.

எழுதினார்கள் தோழர்களே, நிறையவே எழுதினார்கள். ஜெ. பாலசுப்பிரமணியம் தலித் இதழ்களின் வரலாற்றை 1869-இல் வந்த ‘சூரியோதயம்’ இதழிலிருந்து தொடங்குகிறார். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பெயர் வைத்து ஓர் இதழ் நடத்தினார். 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ புறப்பட்டது. அடுத்த ஆண்டு ‘ஒரு பைசா’ போய் ‘தமிழன்’ ஆனது. 1914-இல் பண்டிதர் இறக்கும்வரை வாராவாரம் வந்தது.

பிறகு அந்தத் தாள்கள் என்ன ஆயின? இந்தக் கதையைத்தான் நம் வகுப்பறைகளில் யாரும் சொல்வதில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த நம் மக்கள் 1926-இல் ‘தமிழன்’ இதழை அங்கிருந்து மறுபடி கொண்டுவந்தார்கள். ஜி. அப்பாதுரையார் அதை நடத்தினார். தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டது. பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்து வைத்தார்கள். கடைசியில் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. பண்டிதர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து! அதற்கு முன் தமிழ்நாட்டில் சமூகவியல் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காப்புரிமைச் சட்டம் இங்கே தடையாக இல்லை. எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் எழுத்து பொதுச்சொத்து. அந்தக் கணக்கில் பண்டிதரின் எழுத்து 1975-லேயே எல்லோருக்கும் சொந்தம். ஆனால் தாள் கையில் இல்லாதவனுக்குச் சட்டம் கொடுத்த உரிமையால் என்ன பயன்?

அம்பேத்கர் கதை கொஞ்சம் வேறு. 1936-இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரைப் பேச அழைத்துவிட்டுப் பின்வாங்கியது. அவர் அந்த உரையைத் தம் செலவில் அச்சிட்டார். 1,500 படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. 1937-இல் இரண்டாம் பதிப்பின் முன்னுரை எழுதும்போதே குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்திருந்தது. ஆனால் அவர் இறந்தபின் மொத்த எழுத்தும் தொகுதிகளாக வரத் தொடங்கியது 1979-இல்தான். மகாராஷ்டிர அரசுக்காக வசந்த் மூன் பதிப்பித்தார். 2017 தொடக்கத்தில் காப்புரிமையும் முடிந்தது. இன்று இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்திலேயே அந்த ஆங்கிலத் தொகுதிகளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நான் படித்த காலத்தில் எங்கள் துறைக்கே ஒரு தொகுதிதான் இருந்தது. அதுவும் ஒரு பேராசிரியரின் பீரோவில்.

ஆக, கதவு திறந்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. ‘சோத்கங்கா’வில் நாடெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுதாகக் கிடைக்கின்றன. 2009-இல் யுஜிசி ஆய்வேட்டின் மின்படியைத் தரச் சொல்லி விதி போட்டதன் பலன் அது. பிறகு ஏன் அந்தத் தங்கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை?

முதல் காரணம், சொல். ‘தலித்’ என்ற சொல் தமிழில் பரவலானது அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990-களில். 1907-இல் எழுதியவர் அந்தச் சொல்லை எப்படி எழுதியிருப்பார்? அவர் எழுதியது ‘சாதிபேதமற்ற திராவிடர்’, ‘பூர்வ பௌத்தர்’. அரசாங்கக் கோப்பில் ‘பஞ்சமர்’. 1922-க்குப் பிறகு ‘ஆதிதிராவிடர்’. அதற்கப்புறம் ‘அரிசன்’, ‘தாழ்த்தப்பட்டோர்’. நமக்கு எத்தனை பேர் வைத்தார்களோ, நாமே எத்தனை பேர் வைத்துக்கொண்டோமோ, அத்தனையையும் போட்டுத் தேட வேண்டும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நூல் வரும். (எந்தப் பெயரில் எது வருகிறது என்பதே ஓர் ஆய்வுத் தலைப்பு. யாராவது எடுங்கள்.)

இரண்டாவது, பக்கம் வெறும் படமாக இருப்பது. வருடியபின் அதை எழுத்தாக மாற்றவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஒரு வார்த்தைகூடத் தேடலில் சிக்காது. நூல் பெயர், ஆசிரியர் பெயர் மட்டும்தான் சிக்கும். எழுத்தாக மாற்றும் மென்பொருளும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தடுமாறும். சில கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கும். அவற்றிலும் தேட முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. சுதேசப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிக்க, சென்னை மாகாண அரசு அவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி ரகசிய அறிக்கைகளாக வைத்தது. ‘பறையன்’ எழுதியவற்றில் ஒரு பகுதியை நாம் அறிவது அந்த அறிக்கைகளால்தான். நம்மை வேவு பார்த்தவன் பாதுகாத்த அளவுக்குக்கூட நம் கல்லூரி நூலகங்கள் பாதுகாக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

தங்கையிடம் இந்தச் சொற்களையெல்லாம் எழுதி அனுப்பினேன். அன்று இரவே தங்கவயலில் அச்சான ஒரு சிறு நூல் அவளுக்கு அகப்பட்டது. இப்போது தினமும் இரண்டு பக்கம் யூனிகோடில் தட்டச்சு செய்கிறாள். நேற்று ஒரு பக்கத்தைப் படமெடுத்து, ‘லை’ மேல் வட்டம் போட்டு அனுப்பியிருந்தாள்: “அக்கா, யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கே, இது என்ன எழுத்து?”