புத்தளம் கரையோரக் கூட்டாய்வுத் திட்டங்கள்

இலங்கையின் வடமேல் மாகாணத்தில், சிலாபம் முதல் கற்பிட்டி வரையான கரையோரத்திலும் களப்புகளிலும் அரச நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டு ஆய்வாளர்கள், மீனவர் அமைப்புகள் ஆகியோர் சேர்ந்து நடத்திவரும் சூழலியல், வாழ்வாதார ஆய்வுகளும் மீட்புப் பணிகளும். களப்பின் வளங்களை அளந்து பதிவு செய்வதாக 1990களில் உருப்பெற்ற இம்முயற்சிகள், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டல் நடுகையாக விரிந்தன. அண்மைக் காலத்தில் அவை, மறிக்கப்பட்ட நீரோட்டத்தை மீண்டும் திறந்துவிடும் பணியாக மாறியுள்ளன.

களம்

புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. கலா ஓயாவும் மீ ஓயாவும் இதில் கலக்கின்றன. தெற்கே முந்தல், சிலாபம் களப்புகளை ஒல்லாந்தர் கால்வாய் இதனுடன் இணைக்கிறது. மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால் களப்பு நீரின் உவர்ப்பு சில வேளைகளில் கடலையும் மிஞ்சும். உப்பளங்கள் இங்கு செழித்ததற்கு இதுவே காரணம். கரையில் கண்டல், கண்ணா, தில்லை மரங்களும், நீரடியில் கடற்புற் படுகைகளும் உள்ளன.

மீன்பிடி, உப்பு, தென்னை, கற்பிட்டி மணல் நிலத்தின் வெங்காய, மிளகாய்ச் செய்கை ஆகியவை மக்களின் பிழைப்பு. அந்த மணலில் இடும் உரம் எளிதில் கீழிறங்கி நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் குடியேறியதால், அதே நிலத்தையும் நீரையும் நம்பி வாழ்வோர் தொகை பெருகியது.

இறால் பண்ணைகளும் முதல் ஆய்வுகளும்

1980களில் சிலாபத்தை அண்டிப் பரவிய இறால் பண்ணைகள், சில ஆண்டுகளில் கண்டல் காடுகளுக்குள்ளும் உவர் சதுப்புகளுக்குள்ளும் புகுந்தன. 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியது. பல பண்ணைகளுக்கு ஒல்லாந்தர் கால்வாயே நீர் எடுக்கும் வழி. கழிவை விடும் வழியும் அதுவே. ஒருவர் வெளியேற்றிய நீரை அடுத்தவர் உள்ளே விட்டதால் நோய் பண்ணை பண்ணையாகத் தாவியது. பல குளங்கள் கைவிடப்பட்டன.

தேசிய நீரியல் வளங்கள் ஆராய்ச்சி மற்றும் அபிவிருத்தி முகவரகம் (நாரா) சுவீடன் ஆய்வாளருடன் இணைந்து 1997இல் வெளியிட்ட புத்தளம்–முந்தல் நீர்த்தொகுதி பற்றிய நூல், இக்கரையோரத்தை ஒரே தொகுதியாக நோக்கிய தொடக்கப் பணிகளுள் முதன்மையானது. ருகுணு பல்கலைக்கழகமும் பெல்ஜியத்தின் புரூசெல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளரும் சிலாபத்தை அண்டிய பம்பலைப் பகுதிக் கண்டல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 1992க்கும் 2012க்கும் இடையில் புத்தளம் களப்பைச் சூழ்ந்த கண்டல் பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அழிந்ததையும், மண்ணில் சேமிக்கப்பட்டிருந்த கரிமம் இழக்கப்பட்டதையும் பிரித்தானிய, இலங்கை ஆய்வாளரின் கூட்டாய்வு 2015இல் வெளிப்படுத்தியது.

பயிர் நாட்காட்டி

வெண்புள்ளி நோய் தந்த பாடத்திலிருந்து பிறந்தது வலயப் பயிர் நாட்காட்டி. தேசிய நீரியல் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் (நக்டா) பண்ணையாளர் சங்கங்களும் கூடி, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று முறை வைக்கின்றன. ஒரு வலயம் நீரை வெளியேற்றும் காலத்தில் அதே நீரை நம்பிய மற்றொரு வலயம் குஞ்சு விடாமல் காத்திருக்கும். தனியார் குளங்களுக்கிடையே ஓடும் நீர் பொதுச்சொத்து என்பதை ஏற்ற இந்த ஏற்பாட்டை, கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரங்க கலப்பத்தியும் ஃபிக்ரெட் பெர்க்கெஸும் 2014இல் ஆய்வுக் கட்டுரையாக்கினர்.

ஆழிப்பேரலைக்குப் பின்

ஆழிப்பேரலை தாக்கிய நாடுகளை முன்னிறுத்தி 2006இல் தொடங்கிய ‘எதிர்காலத்துக்கான கண்டல்கள்’ திட்டத்தில் இலங்கையும் இடம்பெற்றது. ஸ்பெயின் நிதியுடன் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் ஆறு நாடுகளில் நடத்திய பிராந்திய மீன்பிடி வாழ்வாதாரத் திட்டம் 2009 முதல் 2013 வரை புத்தளத்திலும் இயங்கியது. அதற்காக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2012இல் வெளியிட்ட புத்தளம் களப்பின் சூழல், மீன்பிடி விவரத்தொகுப்பு 200 பக்கங்களுக்கு மேற்பட்டது. கடற்புல்லையும் ஆவுளியாவையும் (கடற்பசு) காக்கும் எட்டு நாட்டுத் திட்டமொன்று 2015இல் தொடங்கி இக்கரையோரத்தையும் உள்ளடக்கியது.

அதே ஆண்டில் இலங்கை அரசும், அமெரிக்காவின் சீக்கொலொஜி அமைப்பும், சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீசா அமைப்பும் நாட்டின் 8,815 ஹெக்டேயர் கண்டலையும் காக்கும் ஐந்தாண்டுத் திட்டத்தை அறிவித்தன. கண்டலைக் காப்பதாக உறுதியளிக்கும் கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது அதன் முறை. 2016 ஜூலையில் பம்பலையில் கண்டல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

நட்டவை பிழைத்தனவா?

ருகுணு, பெல்ஜிய ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட மதிப்பீடு, ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 திட்ட இடங்களை ஆராய்ந்தது. நடுகைக்கு உட்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் 200 முதல் 220 ஹெக்டேயரே தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. முதல் இரண்டும் புத்தளம் மாவட்டத்தவை.

தோல்விக்கு முதற்காரணம் பிழையான இடத்தேர்வு. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றரைத் தொடாது. ஆகவே கன்று நிற்கும் தரை சற்றுத் தாழ்ந்தால் நீரில் மூழ்கி அழுகும். சற்று உயர்ந்தால் உவர்ப்பில் கருகும். கால்நடை மிதிப்பதும், பாசி படிவதும், பூச்சி தாக்குவதும் எஞ்சியவற்றையும் கெடுத்தன. நட்ட பின் யாராவது தொடர்ந்து பார்த்துக்கொண்ட இடங்களிலேயே கன்றுகள் அதிகம் பிழைத்தன.

ஆனைவிழுந்தான்

2001இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஆனைவிழுந்தான் சரணாலயத்தில், கைவிடப்பட்ட இறால் குளங்களை மீட்கும் பணியை வனசீவராசிகள் திணைக்களம், வயம்ப பல்கலைக்கழகம், தனியார் துறை ஆகியன கூட்டாக மேற்கொண்டுள்ளன. இங்கு நடுகை முதன்மையன்று. குளத்தின் வரம்பை உரிய இடங்களில் வெட்டித் திறந்தால் பெருக்கு நீர் உள்ளே வந்து வற்றில் வெளியேறும். தேங்கிய உவர்ப்பு கழுவப்படும். அண்டையிலுள்ள மரங்களின் விதைகள் நீரோடு வந்து, தமக்கு ஏற்ற உயரத்தில் தாமே வேர்விடும். இதனையும் உள்ளடக்கிய இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை ஐ.நா. 2024 பெப்ரவரியில் உலக மீட்பு முன்னோடித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது.

மதிப்பீடு

இத்திட்டங்களின் வரலாற்றில் இருவகைக் காலக்கணக்கு மோதுகிறது. நிதி மூன்று முதல் ஐந்தாண்டுகளில் முடிகிறது. கண்டல் காடாவதற்கும் மீனவர் சங்கம் வேரூன்றுவதற்கும் அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். பயிர் நாட்காட்டி நீடித்ததற்கு, அதைக் காப்பது பண்ணையாளரின் அன்றாட இலாபத்தோடு பிணைந்திருந்ததே காரணம். கரையோரத்துக்கு வெளியிலிருந்தும் அழுத்தம் வருகிறது. கொழும்பின் திண்மக் கழிவைத் தொடருந்தில் ஏற்றிப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராகப் புத்தளம் மக்கள் 2018இல் நீண்ட போராட்டம் நடத்தினர். நகரின் தேவைக்கான விலையைக் கரையோரம் சுமக்கலாமா என்ற கேள்வியை அது எழுப்பியது. களப்பை மட்டும் அளக்கும் ஆய்வு அக்கேள்விக்கு விடைகாணப் போதாது. நகரத்தின் நுகர்வும் ஆய்வு எல்லைக்குள் வரவேண்டும்.