திருவிதாங்கூர்: படைப்பணமும் வெளிநாட்டுக் கணக்கும்

ஒரு நாடு தன் எல்லைக்கு வெளியேயிருந்து ஆயுதமோ படையோ பெற்றால், அதற்கான தொகை வெளிநாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் இறக்குமதிச் செலவாகவே சேரும். முதலில் பத்மநாபபுரத்திலிருந்து ஆண்ட திருவிதாங்கூர் இதை இரு விதமாகக் கண்டது.

மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் கணக்கு ஓரளவு நேரானது. 1741 குளச்சல் போரில் தோற்ற டச்சுக் கம்பெனி, 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில் ஆண்டுக்கு ரூ.12,000 மதிப்புள்ள போர்த்தளவாடம் தர இசைந்தது. திருவிதாங்கூர் மிளகு விற்றது. மிளகு அரசின் ஏகபோகம். எனவே ஆயுதச் செலவை ஏற்றுமதி வருவாயே தாங்கியது.

தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னர் நிலைமை வேறு. 1795, 1805 உடன்படிக்கைகளால் ஆங்கிலக் கம்பெனிப் படைக்கான செலவு திருவிதாங்கூரின் தலையில் விழுந்தது. 1805இல் அது ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். படை கொல்லத்தில் தங்கியதால் சிப்பாய்களின் சம்பளத்தில் ஒரு பகுதி உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பியிருக்கும். மிச்சத்துக்கு ஈடாகச் சரக்கு எதுவும் வரவில்லை. இதை வணிகப் பற்றாக்குறை என்பதைவிடக் கப்பம் என்பதே பொருந்தும்.

இந்தப் படைப்பணத்தின் பாக்கி ஏறியது, கம்பெனியின் ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்குதலும் ஏறியது. கல்குளம் பகுதித் தலக்குளத்தைச் சேர்ந்த திவான் வேலுத்தம்பி 1809இல் கிளர்ந்தெழுந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம். அவ்வாண்டு பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் கம்பெனி வசமாயின. படைப்பணம் நிற்கவில்லை.