கொள்ளைநோயும் கிரனடா அறிஞர்களின் சொல்லும்

ஹிஜ்ரி 749 ரபீஉல் அவ்வல், அதாவது 1348 ஜூன் மாதத் தொடக்கத்தில், அந்தலூசியாவின் துறைமுக நகரான அல்மேரியாவில் கொள்ளைநோய் நுழைந்தது. ஏழைகள் வாழ்ந்த பகுதியில் ஒரு வீட்டில் தொடங்கிய நோய், மெல்ல நகரெங்கும் பரவியது. அந்நகரத்து மருத்துவரும் கவிஞருமான இப்னு காதிமா இதை நாள்தோறும் கவனித்து ஒரு நூலே எழுதினார். அவருக்கும் அவர் கால அறிஞர்களுக்கும் முன்னே நின்ற கேள்வி, நோயின் காரணம் என்ன என்பது மட்டுமன்று. உறுதியாக அறியப்படாத ஓர் ஆபத்தைப் பற்றி மக்களிடம் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதே அதனினும் கடினமான கேள்வியாக இருந்தது.

இக்கேள்விக்கு இஸ்லாமிய வரலாற்றில் ஒரு முன்னுதாரணம் இருந்தது. ஹிஜ்ரி 18இல் (639) ஃபலஸ்தீனத்தின் அம்வாஸில் தொடங்கி ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) படைத்தளபதிகளைக் காண அங்கே பயணப்பட்டிருந்தார்கள். ஸர்ஃக் என்னுமிடத்தில் செய்தி கிடைத்தது. முஹாஜிர்களிடம் கேட்டார்கள், கருத்து பிளவுபட்டது. அன்ஸாரிகளிடம் கேட்டார்கள், அங்கும் அப்படியே. குறைஷி முதியவர்கள் மட்டும் ஒருமித்துத் திரும்பச் சொன்னார்கள். கலீஃபா திரும்பிச் செல்ல முடிவெடுத்து அதைப் பகிரங்கமாக அறிவித்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டதும், ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் பொருளில் கலீஃபா விடையளித்ததும் நாம் அறிந்தவை. நாம் அதிகம் கவனிக்காத ஒன்றும் அதில் உண்டு. நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து கூறியது முடிவு அறிவிக்கப்பட்ட பிறகுதான். அதாவது, தெளிவான சான்று கைக்கு வருமுன்பே, கலந்தாய்ந்து, காரணத்தையும் சொல்லி ஒரு தலைவர் முடிவை மக்கள்முன் வைத்தார். அபூ உபைதா (ரலி) பின்னர் அந்நோயிலேயே மறைந்தார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அவ்வாறே. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லச் செய்தார்கள்.

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்தலூசிய அறிஞர்களுக்கு இருந்த சிக்கல் வேறு. தொற்று என்பது இல்லை என்னும் பொருள்பட ஒரு நபிமொழி. குஷ்டரோகியை விட்டு விலகு, நோயுற்ற ஒட்டகத்தை நலமானவற்றுடன் சேர்க்காதே என்னும் பொருள்பட வேறு நபிமொழிகள். இவற்றை இணைத்துப் புரிந்துகொள்வதில் பல வழிகள் இருந்தன. இப்னு காதிமா நடுவழி ஒன்றைத் தேர்ந்தார். நோயாளியை நெருங்கியவர்களுக்கு நோய் வருவதை அனுபவம் காட்டுகிறது என்றார். ஆனால் நோய்க்குத் தன்னளவில் ஆற்றல் இல்லை, எல்லாம் இறைவன் செயலே என்று உடனே சேர்த்துக்கொண்டார். இறந்தவர்களின் ஆடைகளும் படுக்கைகளும் விற்கப்பட்ட பழந்துணிச் சந்தையில் இருந்தவர்கள் ஏறத்தாழ எல்லாருமே மடிந்தனர் என்று அவர் பதிவு செய்திருப்பது, மருத்துவ வரலாற்றில் ஒரு விலைமதிப்பற்ற குறிப்பு.

கிரனடாவின் லிஸானுத்தீன் இப்னுல் கதீப் நடுவழியில் நிற்கவில்லை. 1313இல் பிறந்த இவர், தம் ஆசிரியர் இப்னுல் ஜய்யாப் 1349இல் இக்கொள்ளைநோயில் மறைந்தபின் அவர் வகித்த அரசச் செயலகப் பொறுப்பை ஏற்றவர். தம் சிறுநூலில் இவர் சான்றுகளை அடுக்குகிறார்: நோய் ஒரு வீட்டில் தோன்றி அண்டை வீட்டாருக்கும் வந்துபோகும் உறவினருக்கும் பரவுகிறது, உடையாலும் பாத்திரத்தாலும், ஒரு காதணியாலும்கூடப் பரவுகிறது, நலமான துறைமுகத்திற்கு நோயுற்ற ஊரிலிருந்து ஒருவர் வந்திறங்கிய பின்னரே அங்கு நோய் தோன்றுகிறது. மறுபக்கம், ஸலா நகரத்து இறைநேசர் இப்னு அபீ மத்யன் உணவைச் சேமித்துக் குடும்பத்துடன் வீட்டை அடைத்துக்கொண்டு தப்பினார். செவில் கப்பல்தளத்தில் சிறைப்பட்டிருந்த முஸ்லிம்களும், பாலைவனக் கூடாரவாசிகளும் தப்பினர். புலன்களும் தொடர்ந்த அனுபவமும் உறுதிசெய்வதற்கு ஒரு நபிமொழியின் வெளிப்பொருள் முரணாகத் தோன்றினால், அதற்குத் தஃவீல் செய்வதே கடமை என்பது அவர் வாதம். தொற்றை மறுத்து ஃபத்வா வழங்கிய முஃப்திகளை மக்களின் உயிரை மலிவாகக் கருதியவர்கள் என்று கடிந்தார். வட ஆப்பிரிக்காவின் இறையச்சமுள்ளோர் சிலர் தம் முந்தைய ஃபத்வாவைத் திரும்பப் பெற்றதையும் குறிப்பிட்டார்.

இப்னுல் கதீப் இக்கருத்துக்காகவே கொல்லப்பட்டார் என்று சிலர் எழுதுவது சரியன்று. 1374இல் ஃபெஸ் சிறையில் அவர் கொல்லப்பட்டதன் பின்னே இருந்தது அரண்மனைப் பகை. சமயக் குற்றச்சாட்டு அவருடைய சூஃபித்துவ நூலைக் காட்டி எழுப்பப்பட்டது.

மறுதரப்பை அறியாமை என்று ஒதுக்கிவிடுவதும் நேர்மையாகாது. அதே கிரனடாவின் பெரிய முஃப்தி இப்னு லுப் (இறப்பு 1381) தொற்றை மறுத்தார். அவர் கவலை வேறொன்று. அச்சம் பரவினால் நோயாளியைப் பேணுவார் யார்? மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்குவார் யார்? ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை, உறுதியற்ற ஓர் ஆபத்தின் பேரால் கைவிடப்படலாமா? இந்தக் கேள்விகளுக்கு இப்னுல் கதீபின் நூலில் போதிய விடை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அனுபவமும்கூட ஒருமுகமாகப் பேசவில்லை. நோயாளியுடன் ஒரே கூரையின்கீழ் இருந்தும் நலமாயிருந்தவர் பலர். 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கிருமியைக் கண்டறிந்தார். 1898இல் கராச்சியில் சிமோன் எலித்தெள்ளே நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். அதன்பின்னரே புதிர் அவிழ்ந்தது. நெறிகட்டும் வகை நோய் நோயாளியைத் தொடுவதால் பொதுவாக வருவதன்று. நுரையீரலைத் தாக்கும் வகையோ இருமலால் பரவும். துணியோடு தெள்ளும் வரும். ஆக, பழந்துணிச் சந்தையைக் கண்டவரும் பொய் சொல்லவில்லை. நலமாயிருந்த பணிவிடைக்காரரைக் கண்டவரும் பொய் சொல்லவில்லை.

மக்களை ஒன்றுகூட்டலாமா என்பதிலும் இதே மயக்கம். மதுரை சுல்தானகத்தில் இரண்டு மூன்று நாளில் உயிர்பறித்த ஒரு கொள்ளைநோயை நேரில் கண்டு எழுதிய இப்னு பதூதா, 1348இல் டமாஸ்கஸில் இருந்தார். மூன்று நாள் நோன்புக்குப் பின் முஸ்லிம்களும் யூதரும் கிறித்தவரும் திரண்டு மன்றாடியதையும், அதன்பின் இறைவன் துன்பத்தைத் தணித்ததையும் உருக்கத்துடன் வருணிக்கிறார். அதே நகரில் திரண்டு துஆச் செய்தபின் நோய் மிகுந்தது என்று மன்பிஜி எழுதினார்.

ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி தொற்றை ஏற்காதவர். கொள்ளைநோய் ஜின்களின் குத்தலால் வருவது என்று கருதியவர். எனினும் ஹிஜ்ரி 833இல் (1430) கெய்ரோவில் தாம் கண்டதை அவர் மறைக்கவில்லை. நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவானோர் இறந்துகொண்டிருந்தபோது, மூன்று நாள் நோன்பு அறிவிக்கப்பட்டு, ஜுமாதல் ஊலா 4ஆம் நாள் மக்கள் பாலைவெளியில் கூடி துஆச் செய்து திரும்பினர். மாதம் முடியுமுன் நாளொன்றுக்கு இறந்தோர் ஆயிரத்தைத் தாண்டினர். தம் கொள்கைக்கு இந்த எண்கள் துணைசெய்யுமா என்று பாராமல் அவர் அவற்றை எழுதிவைத்தார். ஹிஜ்ரி 819இல் இரு மகள்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தபின் தொடங்கிய நூல் அது. அதை அவர் நிறைவுசெய்த 833ஆம் ஆண்டிலேயே, கருவுற்றிருந்த மூத்த மகளும் அந்நோயில் மறைந்தார்.