சிதம்பரத்தில் எந்தப் பள்ளிக்கூடம்? (கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கொசுவர்த்தி)

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் தங்கச்சி போன் பண்ணினாள். மாப்பிள்ளைக்கு கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு மாற்றல். வங்கி வேலை, ஒண்ணும் சொல்ல முடியாது. பொண்ணு அஞ்சாவது முடிச்சு ஆறாவது போகணும்.

"அண்ணே, நீதான் எப்பப் பாரு சரித்திரம்னு எழுதிக்கிட்டு கெடக்கியே, சிதம்பரத்துல எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்னு சொல்லேன்."

மாப்பிள்ளையோட ஆபீஸ்ல ஒருத்தர் ஏற்கெனவே பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாமே சிபிஎஸ்இ அல்லது மெட்ரிக். ஒரு இடத்தில் போய்க் கேட்டதுக்கு, "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா சீட்டு, நாளைக்குன்னா உறுதி சொல்ல முடியாது" என்றார்களாம். பள்ளிக்கூடமா, மனை விற்கிற இடமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டு வாய் அப்படி.

ரெண்டு நாள் டைம் கொடு என்றேன். வழக்கம்போல கிளம்பிய இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் 1794 :-)

முதலில் எங்க ஊர்க் கதையைச் சுருக்கமா முடிச்சுடறேன். கடலூரில் இங்கிலீஷ்காரன் 1690ல் புனித டேவிட் கோட்டையை வாங்கினான். 1737ல் சர்த்தோரியஸ், கைஸ்டர் என்ற ரெண்டு பாதிரிமார் சென்னையிலிருந்து வந்து மிஷன் தொடங்கினார்கள். 1740ல் கியர்நாந்தர் என்கிற சுவீடன்காரர் வந்து சேர்ந்தார். 1758ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போய் அங்கே பெரிய ஆளானார். ஆக கடலூரில் மேல்நாட்டு மாதிரிப் படிப்பு என்பது கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் பின்னாடியே வந்தது. இன்றைக்கும் கடலூரில் பழைய பள்ளி எதுன்னு கேட்டால் ஜனங்கள் முதலில் சொல்வது கிறிஸ்தவப் பள்ளிகளைத்தான். (இத்தனை பள்ளி இருந்தும், 1934ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் அஞ்சாம் வகுப்போடு கும்பிடு போட்டுவிட்டார். ஞானபீடம் வாங்குவதற்கு அது தடையா இல்லை. இதை என் மருமகளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.)

சிதம்பரம் வேற மாதிரி. இங்கே கோட்டை இல்லை, கலெக்டர் கச்சேரி இல்லை. கோயில், நாலு தேரோடும் வீதி, சுத்தி நெல் வயல். இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கொண்டுவந்தவர்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒருத்தர்கூட உள்ளூர்க்காரர் இல்லை.

முதல் ஆள் பச்சையப்ப முதலியார். சென்னையில் துபாஷாக இருந்து பணம் சேர்த்து 1794ல் இறந்தவர். சிதம்பரம் கோயில் மேல் அபாரமான பிடிப்பு. கீழைக் கோபுரத் திருப்பணியில் அவர் பங்கு உண்டு. உயிலில் அவர் கேட்டது பெரும்பாலும் கோயில் தர்மம்தான், பள்ளிக்கூடம் இல்லை. உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் சொதப்ப, விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் (அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்) போய் வருஷக்கணக்கா இழுத்தது. அதற்குள் வட்டி குட்டி போட்டு தர்மத்துக்குப் போக மிச்சம் பெரிய தொகையா நின்றது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முயற்சியில் அந்த உபரியில்தான் 1842ல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி வந்தது. பிறகு காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும். கோர்ட்டு இழுத்தடித்ததால் ஒரு நல்ல காரியம் நடந்ததற்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் உதாரணம்.

ரெண்டாவது ஆள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். மெதடிஸ்ட் பள்ளியில் பெர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே வாத்தியாராகி, பைபிள் மொழிபெயர்ப்பில் உதவி, கடைசியில் மிஷன் பள்ளிகளுக்கு எதிராக அவர்கள் முறையையே கையில் எடுத்தவர். 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை. 1864ல் சிதம்பரத்தில் அதே பெயரில் இன்னொன்று. பாடப்புத்தகம் இல்லையா, தானே எழுது. அச்சுக்கூடம் இல்லையா, தானே வை. அந்த வேகத்தை நினைத்தால் இப்பவும் மலைப்பாத்தான் இருக்கு. அவர் பெயரில் பள்ளி இன்றும் சிதம்பரத்தில் நடக்கிறது. (வள்ளலாருக்கும் அவருக்கும் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் 1869ல் நடந்த கூத்து தனிப் பதிவு. இப்ப வேணாம், அடிதடியாகும்.)

மூணாவது செட்டிநாட்டுக்காரர்கள். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1920ல் மீனாட்சி கல்லூரி தொடங்கினார். அவருடைய தமிழ்க் கல்லூரிக்கு உ.வே.சா. 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தார். 1929ல் எல்லாம் சேர்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது. ரயில்வே லைனுக்குக் கிழக்கே புது ஊரே முளைத்தது. அதற்குப் பிறகுதான் சிதம்பரம் 'காலேஜ் ஊர்'. அண்ணாமலை நகரில் ராணி சீதை ஆச்சி பள்ளி. ஊருக்குள்ளே ராமசாமி செட்டியார் பள்ளி. புரொபசர் வீட்டுப் பிள்ளையும் மெஸ் நடத்துகிறவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது.

இதுவரைக்கும் படித்தால் பெருமையாத்தான் இருக்கும். நானும் இத்தோடு நிறுத்தி தங்கச்சிக்கு மெயில் அனுப்பியிருப்பேன். ஆனால் யார் கட்டினார்கள் என்று கேட்டவன், யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் கேட்கணும் இல்லையா?

சென்னை பச்சையப்பன் கல்லூரியில் 1947 வரைக்கும் இந்துக்கள் மட்டும்தான் படிக்க முடிந்தது. நாவலர் சாதி ஆசாரத்தில் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காதவர். 1916ல் நாலாவது ஆள் ஒருவர் இதே ஊரில் இன்னொரு பள்ளி ஏன் தொடங்கினார் என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கு.

அவர் சுவாமி சகஜானந்தா. 1890ல் ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளிப் படிப்பு, கொஞ்ச காலம் கோலார் தங்கவயல், பிறகு வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் சீடர். குரு கொடுத்த பெயர்தான் சகஜானந்தர். 1910ல் சிதம்பரம் வந்தார். வந்து இறங்கிய இடம் ஓமக்குளம். நந்தனார் தீக்குளித்ததாகச் சொல்லப்படும் இடம். யாரை நெருப்பில் இறக்கிய பிறகுதான் உள்ளே விட்டார்களோ, அவர் பெயரிலேயே கல்விக் கழகம், பள்ளிக்கூடம், விடுதி. மெட்ராஸ் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947ல். அதற்கு 31 வருஷம் முன்னால் நடந்த சங்கதி இது. 1927ல் காந்தி சிதம்பரம் வந்தபோது இங்கேதான் நந்தனார் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1926ல் சகஜானந்தா சட்டசபைக்குப் போனார். 1959ல் இறக்கும்போதும் சட்டமன்ற உறுப்பினர். மேடைப் பேச்சோடு நிற்காமல் நிலம், பள்ளி, விடுதி, சோறு என்று கணக்குப் பார்த்த மனுஷர்.

இங்கேதான் எனக்கு அப்பாவோட நண்பர் ஞாபகம் வந்தது. ரெண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்த வாத்தியார்கள். எண்பதை நெருங்குகிறார், சிதம்பரத்தில்தான் இருக்கிறார். சகஜானந்தா இறந்த வருஷம் இவர் நந்தனார் பள்ளியில் எட்டாவது. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாத்துப் பாலம். அப்பா கூட எத்தனை தடவை போன ரோடு.

காப்பி வந்தது. என் ஆராய்ச்சியை எல்லாம் கொட்டினேன். பொறுமையாக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, நீங்க சொல்ற அத்தனை ஸ்கூலும் அப்ப இந்த ஊர்ல இருந்துச்சு. எனக்கு ஒண்ணுதான் இருந்துச்சு."

"அம்பதுகள்ல சட்டப்படி எல்லாம் தொறந்துதானே சார் இருந்துச்சு?"

"தொறந்துதான் இருந்துச்சு. எங்கப்பாருக்கு அது தெரியாதே. காட்டுமன்னார்கோயில் பக்கத்துலேர்ந்து நடந்து வந்தோம். படுக்க எடம், ரெண்டு வேளை சோறு, உக்காந்தா யாரும் எழுந்திரின்னு சொல்லாத பெஞ்சு. மூணும் ஒண்ணா இருந்தது அங்கதான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. தங்கச்சிதான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "இப்ப எது சார் நல்ல ஸ்கூல்?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு இன்றைய பதில் கொஞ்சம் சிக்கலானது. அரசு, தனியார் என்று ரெண்டாகப் பிரிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. சிதம்பரத்தில் அந்தக் கோடு நின்ற இடத்தில் நின்றதே இல்லை. பச்சையப்பனும் நாவலரும் தனியார் நிர்வாகம், ஆனால் வாத்தியார் சம்பளம் அரசாங்கம். 1854 உட் அறிக்கை காலத்திலிருந்து வருகிற மானிய ஏற்பாடு இது. 'எய்டட்' என்று சொல்வோமே, அது. நந்தனார் பள்ளி ஒரு சாமியாரின் சொந்த முயற்சியாகத் தொடங்கி இன்று அரசுப் பள்ளி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பல தலைமுறை செட்டிநாட்டுக் குடும்பத்தின் கையில் இருந்து, பண நெருக்கடியில் 2013ல் தனிச் சட்டத்தின் மூலம் அரசுக்குப் போனது. அதன் மருத்துவக் கல்லூரி மட்டும் அப்புறமும் தனியார் கட்டணமே வாங்க, மாணவர்கள் நாள்கணக்கில் போராடி, 2021ல் சுகாதாரத் துறைக்குக் கைமாறி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது.

கட்டணப் பள்ளிகள் இந்த ஊருக்கு லேட்டா வந்தவை. 1978ல் மேல்நிலைப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் பியூசி காலாவதி. மார்க் என்பது பள்ளிக்கூடத்துக் கையில் போனது. அதே காலகட்டத்தில் மெட்ரிக் பள்ளிகளுக்குத் தனி வாரியம் வந்து தெருவுக்குத் தெரு முளைத்தன. காலேஜ் வாத்தியார்களின் பிள்ளைகள் முதலில் போனார்கள், பிறகு காசு இருந்த எல்லோரும். 2011ல் உச்ச நீதிமன்றத்தால் சமச்சீர்க் கல்வி உறுதியானதும், மெட்ரிக்கும் அரசும் ஒரே புத்தகமா என்று அதே ஜனம் சிபிஎஸ்இ பக்கம் சாய்ந்தது. பழைய பள்ளிகளில் கட்டடம் இருக்கு, மைதானம் இருக்கு. பெஞ்சில் முன்பிருந்த கலப்படம்தான் இல்லை.

"பொண்ணு என்ன படிக்கணும்கிறா?" என்றார் சார்.

"டாக்டர்னு சொல்றா. எல்லாக் கொழந்தையும் அதானே சொல்லுது."

அவர் சிரித்தார். "அப்படின்னா கணக்கைச் சரியாப் போடு. 2020ல 7.5 சதவீத ஒதுக்கீடு வந்துச்சு. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சாத்தான் அது. எய்டட்ல படிச்சா கெடையாது. நீ இப்ப சேக்குற எடம் ஏழு வருஷம் கழிச்சுப் பேசும்."

எனக்குப் பொறி தட்டியது. ஆறாவது! இந்த வருஷம்தான். நூத்தி ஐம்பது வருஷப் பெருமையுள்ள எய்டட் பள்ளிகள் அந்தக் கதவுக்கு வெளியே. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளே. அதாவது மற்ற கதவெல்லாம் மூடிக் கிடந்ததால் சகஜானந்தா கட்டினாரே, அந்தப் பள்ளிக்கு இன்றைக்கு அந்தக் கதவு திறந்திருக்கு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அம்மா உடனே, "நந்தனார் ஸ்கூலா? அது அவங்க ஸ்கூல் இல்ல?" என்றாள். எங்கம்மா கெட்டவள் இல்லை. அப்பாவோட நண்பருக்கு எத்தனையோ நாள் எங்க வீட்டில் இலை போட்டுப் பரிமாறியவள். ஆனாலும் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமா வந்தது. அதைவிடக் கஷ்டம், அலுவலக நண்பர் கொடுத்த பட்டியலைப் பார்த்தபோது அதில் அந்தப் பள்ளி பெயர் இல்லை என்பது எனக்கும் உறைக்கவே இல்லை. சகஜானந்தா பற்றி அரை மணி நேரம் பேசத் தெரிந்த எனக்கு.

தங்கச்சி ஒன்றும் சொல்லலை. மறுநாள் சாயங்காலம் அவளே சாருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"சார், அந்தப் பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல்ல... எங்க பொண்ணைச் சேத்துக்குவாங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோ என்று பார்த்தால், இருமலும் சிரிப்புமா ஒரு குரல்.

"சேத்துக்குவாங்களான்னு ஒங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தர் கேட்டு நான் கேக்குறது இதான் மொத தடவைம்மா. புதன்கிழமை வா. டிசி, ஆதார் நகல், நாலு போட்டோ எடுத்துக்க. நானும் கூட வர்றேன்."