ஒன்றிப்பு வகை

ஒரே மாறி நிறைவெண்ணையும் ஏற்கலாம், சரத்தையும் ஏற்கலாம் என்று நிரல் எழுதும்போதே அறிவித்துவிடும் முறையே ஒன்றிப்பு வகை. தொடைகளைச் சேர்ப்பதற்கு இலங்கைப் பாடசாலைகளில் வழங்கும் ‘ஒன்றிப்பு’ என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

இதன் தேவையை இறக்காமத்து வேளாண்மைக் குடும்பம் ஒன்றின் அடையாள அட்டைகளிலேயே காணலாம். வாப்பாவின் பழைய அட்டையில் 9 இலக்கங்கள், கடைசியில் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து. 2016இலிருந்து வழங்கப்படும் புதிய முறையில் அட்டை எடுத்த மகளுக்கு 12 இலக்கங்கள், எழுத்தே இல்லை. பிறந்த ஆண்டைப் பழையதில் முதல் 2 இலக்கங்களும் புதியதில் முதல் 4 இலக்கங்களும் சொல்கின்றன. நிறைவெண்ணுக்கென்று ஒதுக்கிய மாறிக்குள் வாப்பாவின் இலக்கம் நுழையாது. எல்லாவற்றையும் சரமாக வைத்தால் நுழைந்துவிடும். ஆனால் எது பழையது, எது புதியது என்பதைத் தொகுப்பி (கம்பைலர்) அறியாது. கணக்குத் தவறினால் நிரல் ஓடிய பிறகே தெரியவரும்.

ஆல்கால் 68 இந்த ஒன்றிப்புக்கு மொழிக்குள்ளேயே இடம் கொடுத்தது. சி மொழியின் யூனியனோ தனக்குள் கடைசியாக எதை வைத்தோம் என்பதை நினைவில் வைப்பதில்லை. தசம எண்ணை வைத்து நிறைவெண்ணாக எடுத்தாலும் தடுக்காது. எத்தனையோ பிழைகளுக்கு இதுவே ஊற்று. எடின்பரோவில் உருவான எம்எல், ஹோப் மொழிகளின் வழிவந்தவை ஒவ்வொரு பெறுமானத்துக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டின. டைப்ஸ்கிரிப்ட் 2015இலும் சி++ 2017இலும் தத்தம் வழியில் ஒன்றிப்பு வகையைச் சேர்த்துக்கொண்டன.

இந்த வரலாற்றில் இலங்கைக்கும் பெருமையோடு சொல்லத்தக்க பங்கு உண்டு. சஞ்சீவ வீரவரணவும் நண்பர்களும் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், 2017இல் பாலரினா என்ற மொழியை அறிமுகப்படுத்தியது, 1.0 பதிப்பு 2019 செப்டெம்பரில் வெளிவந்தது. எக்ஸ்எம்எல் உருவாக்கத்தில் முன்நின்ற ஜேம்ஸ் கிளார்க் இதன் வடிவமைப்பிலும் முக்கியமானவர். வகை என்பது பெறுமானங்களின் தொடை என்பதே இம்மொழியின் அடிப்படை.

இதில் இன்ட் (நிறைவெண்), ஸ்ட்ரிங் (சரம்) என்ற இரு சொற்களுக்கு நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் ஒன்றிப்பு வகை தயார். ‘இஸ் ஸ்ட்ரிங்’ என்று சோதித்த கிளைக்குள் மாறி சரமாகவே கொள்ளப்படும். அங்கே வாப்பாவின் பிறந்த ஆண்டுக்கு முதல் 2 எழுத்துகளை வெட்டலாம். மற்றக் கிளையில் அது நிறைவெண் என்பதைத் தொகுப்பியே உணர்ந்துகொள்ளும். சோதிக்காமல் கூட்டவோ வகுக்கவோ முயன்றால் நிரல் தொகுக்கப்படாது.

பிழையும் இங்கே ஒரு பெறுமானம்தான். பதியும்போது ஓர் இலக்கம் விடுபட்டுவிட்டால், பிறந்த ஆண்டைத் தரவேண்டிய சார்பு ஆண்டுக்குப் பதிலாகப் பிழையைத் திருப்பித் தரலாம். அதன் விடை ‘நிறைவெண் அல்லது பிழை’ என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், அதை நேரே நிறைவெண் மாறியில் போடத் தொகுப்பி இடங்கொடாது.