எங்கூர் பட்டறையும் பவர் ஹேமரும்

போன வாரம் கடப்பாரையைக் காய்ச்சி அடிக்கக் கொண்டுபோனேன். தென்னைக்குக் குழி எடுக்கறப்போ சுண்ணாம்புக்கல்லுல மோதி முனை மழுங்கி வளைஞ்சே போச்சு. எங்க பக்கம் அஞ்சாறு ஊருக்கும் சேர்த்து இப்போ மிச்சமிருக்கறது ஒரே கொல்லுப்பட்டறைதான். ஆசாரிக்கு எழுபது தாண்டியாச்சு. நான் போனப்போ இன்னொருத்தர் அங்கே உக்காந்திருந்தார். அவரும் ஆசாரிதான், பக்கத்துத் தாலுகா. பவர் ஹேமரை விலைக்குக் கேட்டு வந்திருக்கார்.

டவுன்ல இருக்கறவங்க பவர் ஹேமரைப் பார்த்திருக்க மாட்டீங்க. ஆள் உயரத்துக்கு மேல ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். பக்கத்துல அஞ்சு குதிரைத்திறன் மோட்டார், நம்ம கெணத்து மோட்டார் மாதிரிதான். பெல்ட் வழியா ஒரு சக்கரம் சுத்தும். மேல லாரிக்கு இருக்கற மாதிரியே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு. அந்தக் கட்டோட ஒரு முனையைச் சக்கரம் ஏத்தி இறக்க, மறுமுனையில தொங்கற சம்மட்டித் தலை கீழே இருக்கற பட்டடைக்கல்லுல 'டம் டம்'னு விழும். இங்கே இருக்கறதுல தலை மட்டும் 40 கிலோ. கால்ல மிதிச்சா அடி, எடுத்தா நின்னுடும்.

இது வர்றதுக்கு முன்னாடி அந்த வேலையைப் பார்த்தது ஆசாரியம்மா. நான் பள்ளிக்கூடம் போற காலத்துல தினம் பார்த்த காட்சி அது. ஆசாரி இடது கையில குறடால இரும்பைப் பிடிச்சு, வலது கையில சின்னச் சுத்தியலால எங்கே அடிக்கணும்னு தட்டிக் காட்டுவார். அந்த இடத்துலயே அந்தம்மா சம்மட்டியை ஓங்கிப் போடும். பேச்சே இருக்காது. சுத்தியல் ரெண்டு தடவை சும்மா பட்டடைக்கல்லைத் தட்டுச்சுன்னா நிறுத்துன்னு அர்த்தம். சேலையை இழுத்துச் சொருகிட்டு, குழந்தையைத் தூளியில போட்டுட்டு, அரை நாள் அடிக்கும். 'கொல்லர்'னு நாம சொல்றப்போ மனசுல ஒரு ஆம்பளை உருவம்தான் வருது. ஆனா எங்க ஊர்க் கொழுவும் மண்வெட்டியும் பாதி அந்தம்மா தோள்ல உருவானது. இப்போ வலது கை தலைக்கு மேல ஏறாது. கஷ்டப்பட்டுத்தான் தலை பின்னுது.

வந்தவர் மிஷினைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். ரெண்டு பேரும் தொழில் பேச ஆரம்பிச்சா, நான் நிக்கறதே மறந்துபோச்சு.

"மாமா, மெதுவா அடிக்குமா? எங்கிட்ட இருந்த பழையது மிதிச்சா ஒரே வேகம்தான்."

"பெல்ட்டை முறுக்கி வெச்சா அப்படித்தான் மாப்ளே. கொஞ்சம் தளர விடு. மிதிக்கறப்போ பெல்ட் வழுக்கி வழுக்கிப் பிடிக்கணும். அப்போதான் கால் சொல்றதைக் கேக்கும்."

அப்புறம் அஸ்திவாரப் பேச்சு. முதல்ல சும்மா சிமெண்ட்டுல உக்கார வெச்சதும், அதிர்ச்சியில பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டுப் பஞ்சாயத்து வரைக்கும் போனதும், திரும்பத் தோண்டிக் கட்டையைக் கீழே கொடுத்து நிறுத்தினதும் கதை கதையா வந்துச்சு. லாரிப் பட்டையை வெள்ளைச் சூடு ஏத்தினா பொரிஞ்சு உதிர்ந்துரும். சிவப்பு மங்கின பிறகும் அடிச்சா உள்ளே வெடிப்பு விழும். கையால அடிக்கறப்போ ஒரு சூட்டுக்கு எட்டுப் பத்து அடிதான் போட முடியும். மிஷின்ல நாப்பது அம்பது போட்டுரலாம், கரியும் மிச்சம்.

நான் இடையில புகுந்து ஒரு கதை சொன்னேன். இங்கிலாந்துல ஜேம்ஸ் நாஸ்மித்னு ஒரு இன்ஜினியர். 1839-ல ஒரு பெரிய கப்பலுக்கு அச்சு அடிக்கணும், அந்தக் கனத்தை அடிக்க எங்கேயும் சம்மட்டி இல்லைன்னு அவருக்குக் கடிதம் வருது. நீராவியில ஏறி இறங்கற சம்மட்டியைப் படமாவே வரைஞ்சுட்டார். ஆனா முதல்ல செஞ்சு ஓட்டினது பிரான்சுக்காரங்க. நாஸ்மித் 1842-ல காப்புரிமை வாங்கினார். ஒயின் கிளாஸ்ல முட்டையை வெச்சு, கிளாஸ் உடையாம முட்டை ஓட்டை மட்டும் அந்த ராட்சசச் சம்மட்டியால உடைச்சுக் காட்டுவாராம்.

ஆசாரி சிரிச்சார். இடுப்புல இருந்த தீப்பெட்டியை எடுத்துப் பட்டடைக்கல்லு மேல நிறுத்தி வெச்சு, மிஷினைப் போட்டு, காலை லேசா வெச்சார். தலை இறங்கி வந்து தீப்பெட்டியைத் தொட்டுட்டு மேல போச்சு. பெட்டி நசுங்கலை. "முட்டை விக்கிற விலைக்கு இது போதுங்க தம்பி."

இந்தக் கைப்பழக்கம் நேத்து வந்ததில்லை. நொய்யல் கரையில கொடுமணல்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டினப்போ இரும்பு உருக்கின உலைகள் கிடைச்சது. பதிற்றுப்பத்துல வர்ற கொடுமணம் அந்த ஊர்தான்னு சொல்றாங்க. மணிக்கல்லுக்குப் பேர் போன ஊர், இரும்புக்கும்தான்.

நம்ம பக்கத்து உருக்கு எப்படிச் செஞ்சாங்கன்னு வெள்ளைக்காரங்க எழுதி வெச்சதைப் படிச்சா, விவசாயி எனக்கு எல்லாமே தெரிஞ்ச சாமான். உமி கலந்த களிமண்ணுல சின்னக் குகை. அதுக்குள்ள இரும்புத் துண்டு, காய்ஞ்ச ஆவாரங்குச்சி, மேல எருக்கிலை. மண்ணால வாயை மூடி உலையில வெச்சு ஊதுவாங்க. குச்சியும் இலையும் கரியாகி அந்தக் கரி இரும்புல ஏறினா உருக்கு. நான் வேலியோரம் வெட்டி எறியற ஆவாரையும் எருக்கும்!

ஆவாரை, எருக்கு விவரத்தை எழுதினவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தை விட்டுட்டு, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில சேலத்து இரும்புக்கல்லை உருக்க ஆலை வெச்சார். கரிக்குக் காட்டை வெட்டி மாளலை, லாபமும் நிக்கலை. ஊருக்குத் திரும்பினவர் 1839-ல மாங்கனீசு சேர்த்து உருக்கைத் தரமாக்கற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதைக் கொஞ்சம் மாத்திச் செஞ்சு, பணம் தராம ஏமாத்திட்டாங்க. கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சு 1851-ல செத்துப்போனார். அவர் மேல எனக்குப் பரிதாபம்தான். ஆனா குகையில உருக்கு காய்ச்சிட்டிருந்த நம்ம ஆளுங்க பேர் ஒண்ணுகூட அந்தக் காகிதத்துல இல்லை.

அப்புறம் கப்பல்ல சீமை இரும்பு மலிவா வந்து இறங்குச்சு. நம்ம உலைங்க அணைஞ்சுபோச்சு. கொல்லர் இரும்பு காய்ச்சறதை விட்டுட்டு, வாங்கின இரும்பை அடிக்கறவர் மட்டும் ஆனார். இப்போ அருவாளுக்கு லாரிப் பட்டை. நல்ல இரும்புதான், குறை சொல்ல முடியாது.

பட்டறை காலியானதுக்கு வெள்ளைக்காரனை மட்டும் சொன்னா பொய்யாயிரும். எங்கப்பா காலத்துல அறுவடையில ஆசாரிக்குன்னு களத்துலயே தானியம் அளந்து வெப்பாங்க. டிராக்டர் வந்து கொழு போச்சு, அதோட அதுவும் போச்சு. போன வருஷம் நானே கடையில பிரஸ் பண்ணின மண்வெட்டி நாலு வாங்கினேன். பட்டறை மண்வெட்டியில பாதி விலை. ஆசாரி அதைப் பார்த்தார், ஒண்ணும் கேக்கலை. எனக்குத்தான் அந்தப் பக்கம் போக ரெண்டு மாசம் ஆச்சு.

பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேன் ஓட்டறான். வர மாட்டான். பழைய இரும்புக்காரன் மிஷினை எடைக்குக் கேட்டிருக்கான். வந்த ஆசாரி அதைவிட ஆறாயிரம் கம்மியாத்தான் சொன்னார். அவ்வளவுதான் அவர்கிட்ட இருக்கு. பெரியவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். ஆசாரியம்மா வாசப்படியில உக்காந்து இடது கையால முருங்கைக்கீரை ஆய்ஞ்சிட்டிருந்துச்சு.

"எடைக்குப் போட்டா உடைச்சுருவானுங்க. ஓட்டறவனுக்கே குடுங்க" அப்படின்னுச்சு.

பேச்சு முடிஞ்சுது. ஆடி கழிச்சு எடுத்துக்கறதா முடிவு. அப்புறம் என் கடப்பாரை உலைக்குள்ள போச்சு. நல்லாச் சிவந்ததும் மிஷின்ல நாலு சூடு அடிச்சு, முனையை மட்டும் தண்ணியில விட்டு எடுத்து, கல்லுல தேய்ச்சு வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினார். வைக்கோல் நிறம் மெல்ல முனைக்கு இறங்கி வந்துச்சு. அது நீலமாக மாறறதுக்கு முன்னாடி திரும்பத் தண்ணிக்குள்ள விட்டார்.

கூலி எம்பது ரூபாய். நூறு குடுத்தேன், மீதி இருபதைத் திருப்பிக் குடுத்துட்டார்.